லேண்ட்மாஸ்டரா, நாலு சில்லா: எதில் பழகலாம்?

"முதல்ல லேண்ட்மாஸ்டர்ல கையைப் பழக்கு, பிறகு பெரிசுல ஏறலாம்." உழவு பழகப் போகிற பொடியன்களுக்குத் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் கிடைக்கும் புத்திமதி இதுதான். எனக்கும் மச்சான் இதையே சொன்னார். லேண்ட்மாஸ்டர் என்பது கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து உழும் இரண்டு சில்லு (சக்கர) மெசின், பெரிசு என்பது நாலு சில்லு ட்ரக்டர். இரண்டையும் ஓட்டிய பிறகு அந்தப் புத்திமதியில் பாதிதான் சரி என்று படுகிறது. லேண்ட்மாஸ்டர் விலையில்தான் சின்னது, பழக லேசானதில்லை.

ஸ்டார்ட் பண்ணுவதிலேயே வேலை தொடங்கிவிடும். பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கைப்பிடி போட்டுத்தான் சுற்ற வேண்டும். பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல்தான் முதலில் முறியும்.

அப்புறம் திருப்புவது. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகளிலும் ஒவ்வொரு கிளச் பிடி. இடப்பிடியை அமுக்கினால் இடச் சில்லுக்கு இழுவை நின்றுவிடும். வலச் சில்லு தள்ள, மெசின் இடப்பக்கம் திரும்பும். சமதரையில் அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் நெல்மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியோடு வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கினேன். இறக்கத்தில் சில்லுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது எஞ்சின். இடப்பிடியை அமுக்கியதும் அந்தச் சில்லு விடுபட்டு வேகமாக உருண்டது. மெசின் வலப்பக்கம் திரும்பி நேரே வாய்க்காலுக்குள் போனது. எனக்கு ஒன்றுமில்லை, இரண்டு மூட்டை நனைந்தது. "இறக்கத்தில பிடியைத் தொடாத, முதல் கியரைப் போட்டுக் கையாலயே திருப்பு" என்று மச்சான் அதற்குப் பிறகுதான் சொன்னார்!

மண்ணைக் கிளறும் சுழல் கத்திகளான ரொட்டரியைப் பூட்டினால் இன்னொரு சங்கதி. காய்ந்து இறுகிய மண்ணில் கத்திகள் வெட்டாமல் சில்லு மாதிரி ஓடி, மெசினை முன்னுக்குத் தள்ளும். ரொட்டரி சுற்றும்போது ரிவர்ஸ் போடவே கூடாது, கத்திகள் வருவது உங்கள் காலை நோக்கித்தான்.

நாலு சில்லு ட்ரக்டரை ஓட்ட, கார் தெரிந்தவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். இடது, வலது பிரேக் தனித்தனி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வயலில் ஒடித்துத் திருப்ப அது உதவும். கந்தளாய் வீதியில் ஏறுமுன் இரண்டையும் கொளுவிப் பூட்டாவிட்டால், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்துக் குடைசாய்வீர்கள்.

இதில் கஷ்டம் பின்னால் பூட்டும் கருவிகளில். ட்ரக்டரின் பின்னால் இருக்கும் இடத் தூக்குக் கை, வலத் தூக்குக் கை, கடைசியில் நடுவில் உள்ள மேல் இணைப்பு என்ற வரிசையில் பூட்டினால் கடப்பாரை தேவைப்படாது. கலப்பைக்கு இழுவையைப் பார்த்துத் தானே ஏறி இறங்கும் லீவர், ட்ரக்டருக்கான ரொட்டரியான ரொட்டவேட்டருக்கு ஒரே உயரத்தில் நிற்கும் லீவர். இதை மாற்றிப் போட்டு உழுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கருவியைச் சுழற்றும் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு செக்கனுக்கு 9. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பக்கம் போகிறவர்களைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அது சாரத்தோடு நிற்காது, ஆளையும் சுற்றிவிடும். காற்சட்டை போடுங்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

சேற்றில் புதைந்தால் லேண்ட்மாஸ்டரை இரண்டு பேர் தடி கொடுத்துக் கிளப்பலாம். நாலு சில்லு புதைந்தால் பின்சில்லில் கட்டை கட்டி முன்னுக்கு எடுக்கப் பார்ப்பது மகா பிழை. சில்லு சுற்ற முடியாதபோது முன்பக்கம் கிளம்பி, மெசின் ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். கருவியைத் தூக்கிவிட்டு ரிவர்ஸில் வாருங்கள், வராவிட்டால் இன்னொரு மெசினைக் கூப்பிடுங்கள்.

சரி, எதை எடுப்பது? நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் தரையில் வெங்காயம், மிளகாய் என்று சின்னப் பாத்திகள் வைத்திருப்பவருக்கு லேண்ட்மாஸ்டர்தான். நாலு சில்லு திரும்பவே அங்கே இடம் போதாது. தம்பலகாமத்திலோ மூதூரிலோ ஐந்தாறு ஏக்கர் வயல் செய்து, கூலிக்கும் உழுகிற எண்ணம் இருந்தால் நேராக நாலு சில்லில் பழகுங்கள். லேண்ட்மாஸ்டர் வழியாகச் சுற்றிப் போகத் தேவையில்லை. லைசன்ஸும் வேறு வேறு: லேண்ட்மாஸ்டருக்கு ஜி1, நாலு சில்லுக்கு ஜி.

எதுவானாலும் சிறுபோகம் வெட்டிய வயலில், பெரும்போக மழை பிடிக்குமுன் பழகுங்கள். வரம்புக்கு ஆறடி முன்னமே கருவியைத் தூக்கிவிட வேண்டும். என் முதல் நாளில் பக்கத்து வயல்காரரின் வரம்பில் நான் போட்ட உடைப்பை அடைக்க, பின்னேரம் முழுக்க மண்வெட்டியோடு நின்றேன்.