புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடை: குட்டி யானைக்காரரின் அனுபவம்

2005இல் அறிமுகமான, 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி வகையில், ஓடாமல் கிடந்த ஒரு பழைய வண்டியை 40,000 ரூபாய்க்கு வாங்கி வீட்டு வாசலிலேயே நானே பழுதுபார்த்து வருவதால், சென்னைப் புதுப்பேட்டைச் சந்தொன்றில் உள்ள இந்தக் கடைக்கு இதுவரை நான்கு முறை சென்றுவிட்டேன்.

எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கேட்டபோது, கடைக்காரர் அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்டரி ஒயரைத் தொடவைத்துச் சுழலவிட்டுக் காட்டினார். பிறகு அதிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரத்தின் பற்களை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி, அவை மழுங்கியிருந்தால் அது சுழற்றும் ஃப்ளைவீல் என்ற எஞ்சின் சக்கரத்தின் பற்களையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று விளக்கினார். அது வெறும் விற்பனைப் பேச்சாக எனக்குப் படவில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில்தான் ஏமாந்தேன். தண்ணீர் ஊற்றிய பத்தாவது நிமிடமே அடிப்பகுதி ஓரத்தில் கசிந்தது. மறுநாள் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் என்றாலும், ஆட்டோச் செலவு 300 ரூபாய் என் தலையில்தான் விழுந்தது. 702 சிசி, இரண்டே சிலிண்டர் கொண்ட சிறிய டீசல் எஞ்சின்தான் என்றாலும், சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடக்கூடும் என்பதால், ரேடியேட்டரைக் காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஓட ஓடத் தேய்ந்துபோகும் கிளட்ச் பிளேட்டையும் பிரேக் லைனிங்கையும் பழையதில் தேடவே வேண்டாம். பில் கிடையாது, துண்டுச்சீட்டுதான். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடையை அடைத்துவிடுகிறார்.