ஹார்லம் ஷாம்பர்க் மையம்: பெயர் தேடிப் போன சனிக்கிழமை

நியூயார்க்கில் 2 அல்லது 3-ஆம் எண் ரயிலில் ஏறி ஹார்லம் பகுதியின் 135-ஆம் தெருவில் இறங்கினால், படியேறியதும் ஷாம்பர்க் மையம். கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்றே உள்ள பொது நூலகம். கட்டணம் கிடையாது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்துரோ ஷாம்பர்க் சேர்த்த நூல்களையும் சுவடிகளையும் 1926-இல் நூலகத்தார் 10,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார்கள். கறுப்பர்களுக்கு வரலாறே இல்லை என்று சின்ன வயதில் அவரிடம் ஓர் ஆசிரியை சொன்னதாகச் சொல்வார்கள். அதற்கு அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டடம் என்று எனக்குத் தோன்றும்.

என்னை இங்கே கூட்டிவந்தது என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா. பூர்விகம் அமெரிக்காவின் தெற்கே உள்ள ஜார்ஜியா மாநிலம். பாட்டியின் பாட்டி யார் என்று தேடிக்கொண்டிருந்தார். நூலகக் கணினியில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்தோம். பின்னோக்கிப் போகப் போக, 1870 வரை பெயர்கள் வந்தன. அதற்கு முந்தைய 1860-க்குப் போனால், அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். எஜமானின் பெயர் மட்டும் இருக்கிறது. அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். '30, பெண், கறுப்பு' என்ற வரியில் விரலை வைத்தபடி அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அது அவருடைய பாட்டிதானா என்று யாரால் சொல்ல முடியும்?

அப்புறம் அவர் எனக்குக் காட்டியது 'கிரீன் புக்'. ஹார்லத்தில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் தொடங்கிய பயணக் கையேடு. கறுப்பர்களை ஓட்டல்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஊர்வாரியாகப் போட்டிருக்கிறது. பல ஊர்களில் வழிப்போக்கர்களுக்கு வீட்டிலேயே இடம் கொடுத்த பெண்களின் பெயர்கள், 'மிஸஸ்' போட்டு, தெருப் பெயரோடு. கறுப்பினப் பெண்ணை 'மிஸஸ்' என்று அழைக்கத் தெற்கத்தி வெள்ளையர்கள் மறுத்த காலம் அது. அந்த ஒரு சொல்லை அக்கா மெதுவாக, வரிக்கு வரி வாசித்தார்.

சின்ன வயதில் ஜார்ஜியாவுக்குக் காரில் போகும்போது யாரோ ஓர் அம்மா வீட்டில் தங்கியதாக அவருடைய அப்பா சொல்வாராம். அக்கா முகப்புக் கூடத்துக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டு, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நாங்கள் நின்றிருந்த தரைக்கடியில்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது. நான்காவது ஊரில் அப்பா, "நிறுத்து, அதை இன்னொரு தடவை சொல்" என்றார்.

போகிறவர்களுக்கு: கையெழுத்துச் சுவடிகளும் அரிய நூல்களும் பார்க்க வேண்டுமானால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கிரீன் புக்கை நூலகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் புரட்டலாம். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது புரட்டுங்கள்.