சின்னக் கைக்கு ஒரு பேஸ்பால் கிளவுஸ்: வில்சன் ஏ2000 டிபி15

டஸ்டின் பெட்ரோயாவின் உயரம் பதிவேட்டில் 5 அடி 9 அங்குலம். அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் இரண்டாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) நின்று 2007-ல் சிறந்த புதுமுகம், 2008-ல் அமெரிக்கன் லீக் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்), மொத்தம் நான்கு கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) வாங்கிய ஆள். வில்சன் கம்பெனி அவர் கைக்கு ஏற்ப அமைத்த கிளவுஸ்தான் இது: டிபி அவர் பெயரின் முதலெழுத்துகள், 15 அவர் ஜெர்சி எண்.

நீளம் 11.5 அங்குலம், பேஸ்களை ஒட்டி நிற்பவர்களுக்கான வழக்கமான இன்ஃபீல்டு அளவுதான். கை நுழையும் வாயும் விரல் உறைகளும்தான் குறுகல். சின்னக் கைக்காரர்கள் நீளத்தைக் குறைத்து 11 அங்குலம் தேடுவது வீண். வாய் அகலமாக இருந்தால் வேகமான தரைப்பந்து பட்டதும் கிளவுஸ் கையில் திருகிக்கொள்ளும். டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்குவது) பந்தை உருவி முதல் பேஸுக்கு எறிவதற்குள் ரன்னர் போய்ச் சேர்ந்துவிடுவார். இதில் அந்தத் தொல்லை குறைவு. பந்து வந்து உட்காரும் குழியான பாக்கெட்டும் ஆழமில்லை, பந்து சட்டென்று கைக்கு வரும். ஆனால் சுண்டுவிரல் உறையில் இரண்டு விரல் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. மூன்றாம் பேஸுக்கு 11.75 நல்லது.

தோல் புதிதில் பலகை மாதிரி விறைப்பு. லெதர் கண்டிஷனரை விரல் நுனியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, பிறகு மரச் சுத்தியலால் பாக்கெட்டில் தட்டல், மீதி எல்லாம் கேட்ச் போட்டுத்தான் இளகும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்! தோல் ஊறிக் கனத்துத் தொய்ந்துவிடும்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பங்குனி வெயிலில் காருக்குள் விட்டால் தோல் காய்ந்து வெடிக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்தால் துடைத்து, பாக்கெட்டில் ஒரு பந்தை வைத்து, ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்தணும்.

கிளவுஸைக் கோத்திருக்கும் வார் அறுந்தால் நைலான் கயிறு கோக்கக் கூடாது, துளையை அறுத்துவிடும். தோல் வாரே வேண்டும். பழையதை உருவும் முன் கோத்திருக்கும் விதத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்குமதிச் செலவோடு சேர்த்தால் விலை கடிக்கும். வளரும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். கை வளர்ந்தால் வாய் பற்றாது. ஆர்டரில் ‘வலது கை எறிபவர்’ என்றிருந்தால் அது இடது கையில் மாட்டுவது. கவனமில்லாமல் மாற்றி வாங்குகிறவர்கள் நிறைய.