கிணற்றுத் தண்ணீருக்கு யூ.வி.யா, பிளீச்சிங் பவுடரா?

கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். குடிக்க, சமைக்க எல்லாமே கிணற்றுத் தண்ணீர்தான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கிணற்றில் ஊற்று ஏறும். கட்டுத்தரைக் கழிவும் எருக்குழிக் கசிவும் அதே ஊற்றோடு சேர்ந்து வரலாம். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிகிறதே என்று நம்பிவிட முடியாது.

சோதிக்க இரண்டு வழி உண்டு. எச்2எஸ் குப்பியில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். மலிவுதான். ஆனால் இயற்கையிலேயே கந்தக வாடை அடிக்கும் தண்ணீரும் கறுக்கும். இன்னொன்று ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கே ஆய்வகங்கள் இருக்கின்றன. 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அவர்கள் தரும் பாட்டிலைக் கழுவாதீர்கள். அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் குளோரினை முறிக்கப் போட்டது, அப்படியே இருக்கட்டும். ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் சோதனை ஆய்வகத்தில், நடுநடுவே குப்பி என்பது என் கணக்கு.

இனிச் சுத்திகரிப்பு. கிருமிக்குக் கொதிக்க வைப்பது எப்போதும் சரி, ஆனால் வீடு முழுக்கக் குடிக்கும் அளவுக்குத் தினமும் யார் கொதிக்க வைப்பது? ஆர்.ஓ. உப்புத் தண்ணீருக்கான வைத்தியம். கிருமிக்காக மட்டும் அதை வாங்குவது வீண் செலவு.

மிச்சம் இருப்பது புற ஊதாக் கதிரால் கிருமியை ஒடுக்கும் யூ.வி. மெஷினும், பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரினும். யூ.வி.யில் வாடை இல்லை, கலக்கும் வேலை இல்லை, சுவையும் மாறாது. குளோரினுக்கு அடங்காத சில ஒட்டுண்ணிகளையும் அது ஒடுக்கும். அப்படியிருந்தும் நான் பிளீச்சிங் பவுடர் பக்கம் போனதற்கு ஒரே காரணம், வேலை செய்யாமல் போனால் நமக்குத் தெரிய வேண்டும்.

யூ.வி. விளக்கைச் சுற்றி ஒரு குவார்ட்ஸ் குழாய் இருக்கும். நம் பக்கத்துச் சப்பைத் தண்ணீர் (கடின நீர்) எப்படி என்று இட்லிக் குண்டானின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு குவார்ட்ஸ் மேலும் ஏறி வெளிச்சத்தை மறைக்கும். விளக்கும் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் வீரியம் குறைந்துவிடும், ஆனால் நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் உணர்கருவி இல்லாத சாதாரண மெஷினில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். மெஷினைத் தாண்டி வந்த தண்ணீர் குடத்தில் மறுபடி கெட்டால் காப்பாற்றவும் அதில் ஒன்றும் மிஞ்சாது.

குளோரினை ஒரு நிமிஷத்தில் சோதித்துவிடலாம். குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அட்டையோடு ஒப்பிட்டு அளவு பார்த்துக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். பவுடர் கலந்து அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும், 0.5 வரை போதும். நிறம் வரவில்லையா, குளோரின் பத்தவில்லை என்று அர்த்தம்.

நான் பவுடரைக் கிணற்றில் போடுவதில்லை, மேல்தொட்டியில்தான். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்று ஆரம்பித்து, சோதனைக்குத் தகுந்தபடி கூட்டுவேன். மக்கில் குழப்பி வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். புது பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் இறங்கிவிடும் என்பதால் சிறு பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைக்கிறோம்.

தொந்தரவு இல்லை என்று சொல்லமாட்டேன். "ஏன் கண்ணு, காப்பியில மருந்து வாடை அடிக்குது?" என்று அம்மிச்சி இன்னமும் கேட்கிறார். குடத்தை மெல்லிய துணியால் மூடிக் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை குறையும். மழைக்குத் தண்ணீர் கலங்கலாக வந்தால் இரண்டு முறையுமே தடுமாறும். முதலில் வடிகட்டியாக வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் கொதிக்கவைத்தும் கொடுங்கள்.

படிவு குறைந்த தண்ணீர், உணர்கருவி வைத்த மெஷின், வருஷம் தவறாமல் சர்வீஸ் என மூன்றும் அமைந்தவர்களுக்கு யூ.வி. நன்றாகவே ஒத்துவரலாம். வீடு முழுவதற்கும் பொருத்தும் பெரிய மெஷினை நான் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்லவில்லை.

ஆய்வகத்துக்குப் போகும்போது நைட்ரேட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா போடும் தோட்டங்களில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், யூ.வி.யோ குளோரினோ ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் அடர்த்தி இன்னும் கூடும்.