கோலா கொட்டையா, காபியா?

விருந்தாளி வந்தால் நைஜீரியாவின் இக்போ இனத்தார் வீட்டில் முதலில் வருவது மென்று தின்னும் கோலா கொட்டை, எத்தியோப்பியாவில் காபி. இரண்டிலும் காஃபீன் உண்டு. மற்றபடி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோலாவில் பேச்சுதான் பெரிது. கோலாத் தட்டு கைமாறி, வந்திருப்பவர்களுக்குக் காட்டப்படும். மூத்தவர் முன்னோரை அழைத்து வேண்டிக்கொண்ட பிறகே உடைப்பார்கள். வேண்டுதல் இக்போ மொழியில்தான். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாதாம்! உள்ளே 4 பருப்பு இருந்தால் நல்ல சகுனம். இக்போ வாரத்துக்கும் ஏகே, ஓரியே, ஆஃபோ, இன்க்வோ என்று 4 சந்தை நாட்கள்தானே. மரபுப்படி பெண்கள் கோலாவை உடைப்பதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

எத்தியோப்பியாவில் நேர்மாறு. சடங்கே பெண் கையில். தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைய, பச்சைக் கொட்டையைக் கழுவிக் கண்முன்னே வறுப்பார். வறுத்த மணத்தை விருந்தாளி பக்கம் விசிறிவிடுவார். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவிடுவார். பிடியில்லாத சிறு கிண்ணத்தில் 3 சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவதில்தான் ஆசி, முதல் கிண்ணத்தோடு எழுந்து போவது மரியாதை இல்லை.

கையில் நேரம் குறைவா? கோலா போதும், கசப்பைத் தாங்கினால். ஊர்க்கதை முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் காபிக்கே என் ஓட்டு.