எச்சரிக்கை: பன்னிரண்டு மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு கறுப்புத் திரையைக் காட்டுகிறார்கள்

ஸ்ட்ரீமிங் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்ட நினைப்பவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது" என்ற மின்னஞ்சல் சற்று முன்புதான் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு மாதப் பணம், முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட பணம், திரும்பக் கிடைக்காதாம். எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். படம், தொடர், குழந்தைகள் நிகழ்ச்சி என்று எல்லாம் வைத்திருக்கும் பெரிய வகை, விளம்பரத்துக்குக் குறைவில்லை. அவ்வளவு போதும்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சில ஆண்டுகள் பழையது. அதனால்தான் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய உரையாடல் பெட்டியில் போய்க் கேட்டேன். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்து, மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகக் கொடுத்தேன். மென்பொருள் பதிப்பையும் சொன்னேன். "இதில் 4கே தரத்தில் ஓடுமா? ஓடாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் கட்டவில்லை" என்று கேட்டேன். "சரிபார்க்கிறேன், இணைப்பிலேயே இருங்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். எடுத்த எடுப்பில் ஆம் என்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். காக்க வைத்தார் பாருங்கள், அதில்தான் நம்பிக்கை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தங்கள் மாடலில் தடையின்றி ஓடும். மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா லாபம், சலுகை இன்றோடு முடிகிறது" என்று பதில் வந்தது. அந்த இடைவெளியில் எதைச் சரிபார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம். தொலைக்காட்சியின் செயலிக் கடையிலும் அந்தச் செயலி இருந்தது. ஒரு மறுப்பும் சொல்லாமல் நிறுவிக்கொண்டது. பன்னிரண்டு மாதப் பணத்தையும் கட்டினேன்.

அன்று மாலை அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகப்புப் பக்கம் வந்தது. முன்னோட்டக் காட்சிகள் பளிச்சென்று ஓடின. படத்தைத் தொட்டதும் வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு "இந்த உள்ளடக்கத்தை இப்போது இயக்க முடியவில்லை" என்ற ஒரு வரியும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பிழை எண்ணும் வந்து நின்றன. எந்தப் படத்தைப் போட்டாலும் அதே வரி, அதே எண். சரி, மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் பார்ப்போம் என்றால், ஒலி கேட்கிறது, வசன வரிகள் அடியில் ஓடுகின்றன, படம் மட்டும் கன்னங்கரேல். கேபிளைக் கழற்றினால் மடிக்கணினித் திரையில் படம் வந்துவிடுகிறது. என் கைப்பேசியில் ஓடியது. ஆனால் மசங்கலாக, முகங்களை அடையாளம் பிடிக்கவே சிரமப்படும் அளவுக்கு. டேப்லெட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கணக்கு ஒன்று, வைஃபை ஒன்று. சாதனத்துக்குச் சாதனம் கோளாறு வேறு.

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். வந்த பதில்: "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்." போட்டேன். "தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள்." அழித்தேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொன்னார்கள், அதையும் செய்தேன். பிறகு தொலைக்காட்சியையே தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமைக்கச் சொன்னார்கள். அதில் மற்றச் செயலிகளின் கடவுச்சொற்கள் போயின, அம்மா தன் வசதிக்கு அடுக்கி வைத்திருந்த சேனல் வரிசை போயிற்று, பிழை எண் மட்டும் போகவில்லை.

அடுத்து, "உங்கள் இணையச் சேவையாளரைக் கேளுங்கள்." கேட்டேன். வேகம் சரியாக இருக்கிறது என்று அளந்தே காட்டினார்கள்; அதே தொலைக்காட்சியில் மற்றச் செயலிகள் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தன. அடுத்து, "தொலைக்காட்சி நிறுவனத்தைக் கேளுங்கள்." அவர்கள், "அது செயலிக்காரர்கள் பார்க்க வேண்டியது" என்று திருப்பி அனுப்பினார்கள். "எங்கள் தொழில்நுட்பக் குழு ஆராய்ந்து வருகிறது, 72 மணி நேரம் பொறுத்திருங்கள்" என்பது அதற்கடுத்த பதில். அந்த 72 மணி நேரம் முடிந்தால் இன்னொரு 72 மணி நேரம். நடுவில் ஒரு நாள் இரவு அவர்கள் அனுப்பிய கேள்விக்குக் காலையில் பதில் எழுதலாம் என்று திறந்தால், "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று புகாரையே மூடியிருக்கிறார்கள். புதுப் புகார் போட்டால் புது ஆள் வருகிறார். புது ஆளுக்கு முந்தைய கதை எதுவும் தெரியாது. "முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்கிறார். நோயாளி அதே படுக்கையில் கிடக்க, ஷிப்ட் மாறும்போதெல்லாம் புது மருத்துவர் வந்து நாக்கை நீட்டச் சொல்வது போலிருந்தது.

கடைசியில் என்ன கோளாறு என்பதை நானேதான் தேடித் தெரிந்துகொண்டேன். இந்தச் செயலிகள் படத்தைப் பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே என்று சாதனத்துக்கு ஏற்றபடி பூட்டு மாறும். சாதனம் தன் தகுதியைக் காட்டினால்தான் திறவுகோல் கிடைக்கும். முன்னோட்டங்களுக்குப் பல செயலிகளில் இந்தப் பூட்டுக் கிடையாது; முன்னோட்டம் ஓடிப் படம் ஓடவில்லை என்றால் இணைய வேகத்தைக் குறை சொல்வது வீண் பேச்சு. மடிக்கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போகும் படத்துக்கு ஹெச்டிசிபி என்று இன்னொரு காவல் உண்டு. 4கே படத்துக்குப் பொதுவாக அதன் 2.2 பதிப்பைக் கேட்பார்கள். பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அது இல்லை. சிலவற்றில் ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐ துளையில் மட்டும் இருக்கும். கைப்பேசி மசங்கியதற்குக் காரணம் வைட்வைனில் அது எல்3 என்ற கீழ்நிலையில் இருப்பது. அந்த நிலைக் கைப்பேசிக்கு எவ்வளவு உயர்ந்த சந்தா கட்டினாலும் பெரும்பாலும் 480 வரித் தரம்தான் வரும். இதில் எதையாவது ரவுட்டரை அணைத்துப் போட்டுச் சரிசெய்ய முடியுமா?

என் கொதிப்பே இங்கேதான். பிழை எண் என்பது அவர்களே வைத்த எண். அதன் பொருள் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேலதிகாரி வரை போய்ச் சண்டை போட்ட பிறகு ஒரே வரியில் ஒப்புக்கொண்டார்கள்: "தங்கள் தொலைக்காட்சியின் மென்பொருள் பதிப்பு எங்கள் ஆதரவுப் பட்டியலில் இல்லை." அந்தப் பதிப்பு எண்ணைப் பணம் கட்டுவதற்கு முன்பே கொடுத்தவன் நான்! பட்டியலில் இல்லாத தொலைக்காட்சியில் செயலியை நிறுவ ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. பன்னிரண்டு மாதப் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். பணம் திரும்பப் பெறும் கெடு முடிந்துவிட்டதாம். கெடுவைத் தின்றது யார்? அவர்களுடைய 72 மணி நேரங்கள்தான். உரையாடலின் படியை அனுப்பினேன். "எங்கள் பிரதிநிதி பொதுவான தகவலையே அளித்தார்" என்கிறார்கள். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டதற்கு வந்த பதில் பொதுவான தகவலாம். இதையெல்லாம் தாண்டி இன்னொரு வாதம் வைத்தார்கள் பாருங்கள்: டேப்லெட்டில் ஓடுகிறது அல்லவா, ஆகவே சேவை வழங்கப்பட்டுவிட்டது. பெரிய திரைக்கென்று வாங்கிய 4கே சந்தாவை, பன்னிரண்டு மாதப் பணத்தை, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு தீர்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு அந்தத் திரை கண்ணுக்கே எட்டாது.

சாதனவாரியாக என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எவ்வளவு சலுகை காட்டினாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு திரையிலும் முழுப் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள், முன்னோட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓடவில்லை என்றால் சாதனத்தின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். கடிகாரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் போய்ப் படம் நின்றுவிடும், அது நிமிடத்தில் தீரும் கோளாறு. வைஃபையை விட்டுக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே பிழை என்றால் ரவுட்டர் பேச்சை அவர்கள் எடுக்கும்போதே நிறுத்துங்கள். வேறு செயலிகள் ஓடும் தொலைக்காட்சியை யார் சொன்னாலும் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமைக்காதீர்கள். அவர்கள் ஆராயட்டும், நீங்கள் கெடு முடிவதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். உரையாடலைப் பெட்டி மூடுவதற்குள் படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்று, பிழை எண்ணைத் தேடினால் "வாடிக்கையாளர் உதவி" என்று சில தொலைபேசி எண்கள் வரும். போலிகள் மலிந்த இடம் அது. உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ, குறுஞ்செய்தியில் வந்த ஓடிபி எண்ணைக் கேட்டாலோ உடனே துண்டித்துவிடுங்கள். செயலிக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள், அங்கே கிடைக்கும் லட்சணம் இதுதான் என்றாலும்.

தானியங்கிப் புதுப்பித்தலையும் அணைத்துவிடுங்கள். இவர்களுடைய செயலியில் அது கணக்குப் பக்கத்தில் இல்லை. பணம் செலுத்தும் முறைக்கு உள்ளே போய், "மேலும்" என்பதைத் தொட்டால் கீழே ஒளிந்திருக்கிறது. நான் அணைத்துவிட்டேன். பன்னிரண்டு மாதப் பணத்தைக் கேட்டு வங்கிக்கும் உரையாடல் படிகளோடு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே தெரிவிக்கிறேன்.