டிரேட்லென்ஸ்: ஏடு நன்று, உடைமைதான் சிக்கல்

கப்பல் சரக்குப் போக்குவரத்தில் பிளாக்செயினை (பல தரப்பினர் பகிர்ந்து வைத்துக்கொள்ளும், பின்னர் மறைவாகத் திருத்த இயலாத மின்னணு ஏட்டை) பெரிய அளவில் பயன்படுத்திப் பார்த்த சேவைகளுள் டிரேட்லென்ஸ் குறிப்பிடத்தக்கது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் இணைந்து 2018-இல் அறிமுகப்படுத்திய இச்சேவையை நிறுத்தப்போவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2023 தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

அது தீர்க்க முயன்ற இடர்ப்பாடு கற்பனையன்று. 2014-இல் கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு குளிர்பதனச் சரக்கை மெர்ஸ்க் பின்தொடர்ந்தபோது, அதனோடு ஏறத்தாழ 30 தரப்பினரும் 200-க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்களும் தொடர்புபட்டிருந்தது தெரியவந்தது. ஏற்றுமதியாளர், துறைமுகம், சுங்கத்துறை, கப்பல் நிறுவனம் ஆகிய அனைவரும் தத்தமக்கு அனுமதிக்கப்பட்ட ஆவணங்களை மட்டும், எவரும் பின்னர் ஓசையின்றித் திருத்த இயலாத வடிவில், ஒரே தளத்தில் காண முடிந்ததே டிரேட்லென்ஸின் வலிமை. அதற்கு அடித்தளமாக, அனுமதி பெற்றோர் மட்டும் பங்கேற்கும் பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கைத் தேர்ந்தது பொருத்தமான முடிவு என்றே கருதுகிறேன். (எடையை முதலிலேயே தவறாகப் பதிந்தால் பிளாக்செயின் அத்தவற்றையும் பத்திரமாகவே காக்கும் என்பது வேறு கதை.)

குறை தொழில்நுட்பத்தில் இல்லை. சந்தையின் முன்னணி நிறுவனமான மெர்ஸ்க்கே ஏட்டின் உரிமையாளராகவும் இருக்கையில், போட்டியாளர்கள் தங்கள் சரக்குத் தரவுகளை அதில் இட எளிதில் முன்வருவார்களா? போட்டிக் கப்பல் நிறுவனமான ஹாபாக் லாய்டின் தலைமை தொடக்கத்திலேயே இதனை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. 2019-இல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் ஆகிய பிற கப்பல் நிறுவனங்களோடு அந்நிறுவனமும் இணைவதாக அறிவித்த போதிலும், உலகளாவிய முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை என்பதையே மூடுவதற்கான காரணமாக மெர்ஸ்க் கூறியது.